மான் தலையிற் புழுக் கண்ட மருத்துவர்

இத்தாலிய நாட்டிலே, ஆரெட்ஸோ என்னும் நகரில், 1626-ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 18-ஆம் நாள் பிரான்செஸ்கோ ரேடி பிறந்தார். தந்தையாரும் மருத்துவரே. பீசா நகரத்துப் பல்கலைக் கழகத்தில் 1647-இல் பட்டம் பெற்ற இவர், பின்னாளில் தஸ்கனி நாட்டை ஆண்ட இரண்டாம் பெர்டினாண்டுக்கும், அவர் மைந்தர் மூன்றாம் கோசிமோவுக்கும் அரண்மனை மருத்துவராய் அமர்ந்தார். கவிதையிலும் வல்லவர், தம் நாட்டுத் திராட்சை மதுவைப் பாடிப் புகழ்பெற்றவர், இத்தாலிய மொழிப் பேரகராதியின் மூன்றாம் பதிப்புக்கும் உழைத்தவர். மொழி பயில்வோராகிய எமக்கு இது மகிழ்ச்சி தருவதாயினும், ஈண்டுக் கூறப்புகுந்தது வேறு.

அழுகிய ஊனிலிருந்து புழு தானே தோன்றும் என்பது அக்காலத்தில் கற்றோரும் மற்றோரும் ஒருங்கே கொண்ட கொள்கை. ரேடி அதனை வாதத்தால் மறுத்தாரல்லர். பாம்பு, மீன், கன்றின் ஊன் முதலியவற்றைச் சாடிகளில் இட்டு, சிலவற்றை மூடினார், சிலவற்றைத் திறந்துவைத்தார். திறந்தவற்றிலே ஈ மொய்த்தது, புழுவும் நெளிந்தது. மூடியவற்றில் ஊன் நாறியதேயன்றிப் புழு இல்லை. காற்றுப் புகாமையே காரணம் என்பார் இருப்பர் என்று கருதி, மெல்லிய சல்லாத்துணியாற் போர்த்தும் பார்த்தார். காற்றுப் புகுந்தது, ஈ வெளியே நின்றது, ஊனிற் புழுவில்லை. 1668-இல் இவற்றை நூலாக வெளியிட்டார்.

அரசர் வேட்டையிற் கொன்ற விலங்குகளும் அவருடைய ஆராய்ச்சிக்கு வந்தன. கலைமானின் தலையினுள்ளே புழுக்கள் உண்டென்பது அரிஸ்டாட்டில் காலந்தொட்டே அறிந்த செய்தி. ரேடியும் அவற்றைக் கண்டார். ஆட்டின் ஈரலிலே இலைபோல் தட்டையான புழுவையும் கண்டார். இவை எங்கிருந்து வந்தன? சாடிப் புழு ஈயின் குஞ்சு என்று நிறுவிய அவரே, உயிருள்ள உடலிற் காணும் புழு அவ்வுடலின் உயிராற்றலாற் பிறப்பதுபோலும் என எழுதிவிட்டார்!

இதுபற்றிச் சிலர் அவரை இகழ்வர். எமக்கு அஃது ஒப்பவில்லை. சாடியை நாள்தோறும் நோக்கலாம். காட்டில் உலவும் மானினுள்ளே ஆண்டு முழுதும் நோக்க வல்லார் யார்? காணாத இடத்தைப் பழைய சொல்லால் நிரப்பினார், அவ்வளவே. அவர் ஓயவுமில்லை. 1684-இல் வெளியிட்ட நூலில், விலங்குகளின் உடலில் வாழும் நூற்றுக்கு மேற்பட்ட சிற்றுயிர்களை விவரித்து, உருண்டைப் புழுவில் ஆணும் பெண்ணும் உண்டு, முட்டையும் உண்டு எனக் காட்டினார். 1697 மார்ச்சு முதல் நாள் பீசாவில் உயிர் நீத்தார்.

ஈரற்புழுவின் வரலாறு தெளிய இருநூறு ஆண்டுகளாயின. நத்தையினுள் வளரும் அதன் இளம்பருவம் ஒன்றுக்கு 1837-இல் தெ பிலிப்பி என்பார் ரேடியா எனப் பெயரிட்டார். ரேடியார் தேடிக் காணாத விடை தங்கியிருந்த பருவத்துக்கே அவர் பெயர் வாய்த்தது. 1881 முதல் 1883 வரை ஜெர்மனியில் லாய்கார்ட்டும் இங்கிலாந்தில் தாமஸும் தனித்தனியே முழு வரலாற்றையும் கண்டறிந்தனர். சாணத்தோடு விழுந்த முட்டை நீரிற் பொரிக்கும். குஞ்சு நத்தையுட் புகும். பெருகி வெளிவந்து புல்லில் ஒட்டும். மேயும் விலங்கின் வயிறு சேரும். ஆகவே மழையும் நீரும் எவ்வாறோ, நோயும் அவ்வாறே.

செஞ்சியை அடுத்த வல்லத்திலும் இதனை எண்ணிப் பார்க்கலாம். ஐப்பசி கார்த்திகை மழையில் ஏரி நிரம்பும். தை மாசியில் நீர் வடிய, மற்ற நிலம் காய்ந்துகிடக்க, ஏரியோரம் மட்டும் பச்சையாயிருக்கும். ஆடு மாடுகள் அங்கேதான் இறங்கும்; நத்தையும் அங்கேதான் உண்டு. மேய்ப்பன் ஆட்டை அவ்விடத்தினின்று விலக்கலாம். மானை விலக்குவார் இல்லை. மாடு மேய்ந்த நீர்க்கரையில் மானும் மேயுமாயின், ஒன்றன் புழு மற்றொன்றுக்காகும். 1875-இல் தூரின் நகரை அடுத்த அரச வேட்டைவனத்தில் மான்களைக் கொன்ற பெரிய ஈரற்புழுவை பாஸ்ஸி என்பார் விவரித்தார். அமெரிக்காவிலிருந்து கொணர்ந்த மான்களோடு வந்த புழு அது.

கலைமானின் தலைப்புழுவோ, புழுவினமே அன்று. ஓர் ஈயின் குஞ்சு. கோடையில் அவ்வீ பறந்துகொண்டே மானின் மூக்கில் தன் குஞ்சுகளைத் தெளிக்கும். குளிர்காலம் முழுதும் அவை தொண்டையிலும் மூக்கறைகளிலும் தங்கி வளரும். இளவேனிலில் மான் தும்ம, மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகி மீண்டும் ஈயாகும்.