மெரினா மீன் காட்சியகமும் எட்கர் தர்ஸ்டனும்: வீட்டு ரீஃப் டேங்க் பற்றிய 4 கட்டுக்கதைகள்

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு ஃபிளாட்களில் பவளத்தோடு ரீஃப் டேங்க் வைக்கும் ஆசை பலருக்கு இருக்கு. ஆனால் நூறு வருஷத்துக்கு முன்பே சென்னைக்குக் கடல் உயிர்களைக் காட்டியவர் ஒருவர் இருந்தார். அவர்தான் எட்கர் தர்ஸ்டன்.

யார் இவர்?

1855-ல் இங்கிலாந்தில் பிறந்தார். லண்டனில் மருத்துவம் படித்தார். 1885-ல் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் ஆனார். ஆபீஸ் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிடாமல், ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் போய் கடல் உயிரினங்களைச் சேகரித்தார். மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு குளிப்பு பற்றியும், அங்குள்ள உயிர்கள் பற்றியும் 1890-ல் நூல் வெளியிட்டார்.

1. பவளம் ஒரு கல்தானே?

இல்லை. அருங்காட்சியக அலமாரியில் வெள்ளையாக இருப்பது பவளத்தின் எலும்புக்கூடு. உயிரோடு இருக்கும்போது அது சின்னஞ்சிறு விலங்குகளின் கூட்டம். அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்பாசிதான் பெரும்பகுதி உணவைத் தருகிறது. கல் என்றே நினைத்ததால்தான் மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பல காலம் பவளத்தை வெட்டி எடுத்தார்கள்.

2. சென்னை வெயில் பவளத்துக்கு செட் ஆகும்?

ஆகாது. ரீஃப் டேங்க் தண்ணி சுமார் 25 முதல் 27 டிகிரி செல்சியஸில் இருக்கணும். 30-ஐத் தாண்டி சில நாள் நீடித்தாலே, பாசி வெளியேறி பவளம் வெளுக்கத் தொடங்கலாம். மே மாதத்தில் சில்லர் இல்லாமல் சமாளிப்பது கஷ்டம். கரன்ட் போனால் இன்னும் சிக்கல்.

3. பீச் தண்ணியே போதும்?

தர்ஸ்டனின் முயற்சியால் உருவான கடல் மீன் காட்சியகம், 1909-ல் மெரினாவில் திறக்கப்பட்டது. இன்று அதே கரையில் கூவமும் அடையாறும் கழிவோடு கலக்கின்றன. மழைக்காலத்தில் உப்பின் அளவும் குறையும். அதனால் ஆர்.ஓ. தண்ணியில், லிட்டருக்கு சுமார் 35 கிராம் வீதம் கடல் உப்புக் கலவை சேர்ப்பதே வழக்கம்.

4. சின்ன டேங்க்னா ஈசி?

நேர்மாறு. தண்ணி குறைவாக இருந்தால் வெப்பமும் உப்பும் சட்டென்று மாறும். டேங்கில் பாக்டீரியா பெருகி நிலைபெறவே சில வாரம் ஆகும். முதல் நாளே மீன் விட்டால் செத்துப்போகும்.

அவர் எடுத்தார், நாம் எடுக்கலாமா?

கூடாது. தர்ஸ்டன் காலத்தில் பவளத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. நம் கடலில் எடுத்த பவளத்தைக் காசு கொடுத்து வாங்கினாலும் குற்றம்தான், சிறைக்குப் போக நேரிடும்.

கடைசியில் என்ன ஆனது?

தர்ஸ்டனின் எல்லா வேலையும் பாராட்டுக்குரியதல்ல. மனிதர்களின் தலை, மூக்கை அளந்து சாதிகளை வகைப்படுத்திய அவரது ஆய்வுமுறை இன்று கடுமையாக விமர்சிக்கப்படுகிறது. 1935-ல் இங்கிலாந்தில் காலமானார். மெரினா காட்சியகமும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது.

அவர் தேடிப்போன மன்னார் வளைகுடா, 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. அங்கே இன்னும் உயிரோடு இருக்கும் பவளம் அங்கேயே இருக்கட்டும். வீட்டுக்குக் கடல் மீனும், உயிரற்ற பாறையும் வைத்த டேங்க் போதும்.