முப்புரி கண்ட மேதை ஜி.என். இராமச்சந்திரன்

கேணிக் கயிறு திரிக்கும் முறையை நம்மில் மூத்தோர் அறிவர். ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்கி, மூன்றையும் ஒன்றுசேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குவர். ஆதலின் கயிறு எளிதில் பிரிவதில்லை; இழுத்தாலும் அறுவதில்லை. இத்தகைய நுண்கயிறுகள் நம் உடலிலும் எண்ணற்றவை உள்ளன என்பதைக் கண்டு கூறியவர் அறிஞர் ஜி.என். இராமச்சந்திரன்.

இவர் 1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று, பெங்களூரில் சர் சி.வி. இராமனின் மாணவரானார். பின்னர்க் கேம்பிரிட்ஜ் சென்று ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். 1952-ல், முப்பது வயதளவில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைமையை ஏற்றார்.

அவ்வாண்டில் சென்னைக்கு வந்த அறிஞர் பெர்னல், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று அவரிடம் குறிப்பிட்டார். தோல், எலும்பு, குருத்தெலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதி தருவது இப்புரதமே. நம் உடலின் புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதுவாகும். விலங்குடலில் உண்டாகும் இது தாவரங்களில் இல்லை. இதனைக் கொதிக்க வைத்தால் புரிகள் பிரிந்து, நம் இல்லங்கள் விலக்கும் ஜெலட்டின் ஆகிறது.

இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காருவின் வால் தசைநாணில் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, பதிந்த படங்களை ஆராய்ந்தனர். மூன்று இழைகள் இணைந்த அமைப்பை 1954-லும், அவை ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய முப்புரி வடிவை 1955-லும் வெளியிட்டனர். இழையில் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் அமைந்துள்ளது. புரிகளின் நடுவிலுள்ள குறுகிய இடத்தில் அது மட்டுமே நெருக்கடியின்றிப் பொருந்தும். அவ்விடத்தில் வேறொன்று வந்தமைந்தால், எலும்பு எளிதில் முறியும் நோய் தோன்றக்கூடும்.

இங்கேதான் அவருக்குச் சோதனை வந்தது. முப்புரி வடிவை ஏற்ற கிரிக், ரிச் என்னும் மேலைநாட்டு அறிஞர் இருவர், சென்னை அமைப்பில் சில அணுக்கள் மிக நெருங்கியுள்ளன என்றனர். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்பது பொருந்தாது, ஒன்றே இருக்க இயலும் என்றும் மறுத்தனர்.

அவர் சினந்து வாதிடுவதோடு நின்றுவிடவில்லை. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்க இயலும் என்பதை அறிய, அதுவரை ஆராயப்பட்ட படிகங்களின் அளவுகளையெல்லாம் திரட்டச் செய்தார். அதன் பயனாக 1963-ல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் வெளியிட்டதே இராமச்சந்திரன் வரைபடம். புரத இழை எந்தெந்தக் கோணங்களில் திரும்ப இயலும், எவற்றில் இயலாது என்பதை அது காட்டுகிறது. புரத அமைப்புகளைச் சரிபார்க்க உலகெங்கும் இன்றும் அது பயன்படுகிறது.

1968-ல், இரண்டாவது பிணைப்பு நீர் மூலக்கூறு வழியாக அமையலாம் என அவரே திருத்திக் கூறினார். 1994-ல் வெளிவந்த படிக ஆய்வு நேரடிப் பிணைப்பு ஒன்றே எனக் காட்டியது. அதனுடன், முப்புரியைச் சூழ்ந்து நீர் பிணைந்திருப்பதையும் காட்டியது. மறுத்தோர் கூற்றிலும் உண்மை இருந்தது. இவர் கூற்றிலும் இருந்தது.

இதனை நாம் எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. பிற்காலத்தில் தருக்கவியலை ஆராய்ந்த இவர், 1982-ல் வெளியிட்ட தம் தருக்க முறைக்கு ஸ்யாத் நியாயம் என்று பெயரிட்டார். நம் ஸ்யாத்வாதச் சிந்தனை இவ்வாறு ஓர் இயற்பியல் அறிஞரின் கணித ஆய்விலும் இடம்பெற்றது.

1977-ல் இலண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினரான அவர், 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் மறைந்தார். அநேகாந்தம் என்னும் சொல்லை நம் சிறார்க்குக் கற்பிக்கும்போது, யானையைத் தடவிய குருடர் கதையோடு இவர் வாழ்வையும் சொல்லலாம். மறுப்பவர் சொல்லிலும் ஒரு கூறு மெய்யாக இருக்கக்கூடும். அதனை ஆராய்ந்து ஏற்பதால் நம் பெருமை குறைவதில்லை.