எஃகின் சூட்டை அளந்தவர்

துருப்பிடிக்காத மேசைக் கத்தி இன்று எவருக்கும் வியப்பளிப்பதில்லை. எலுமிச்சம்பழத்தை நறுக்கிவிட்டுத் துடைக்க மறந்தாலும் அது கறுத்துப் போவதில்லை. அத்தகைய கத்திக்கு உரிய எஃகை 1913ஆம் ஆண்டில் வார்த்தெடுத்தவர் ஹாரி பிரியர்லி என்னும் ஆங்கிலேயர். கண்டுபிடிப்பாளர் என்ற வகையில் உலகம் அவரை அறியும். ஊவா மலைநாட்டில் வளர்ந்த நான் அவரை நினைப்பது பிறிதொரு காரணம் பற்றியாகும். நல்ல கத்தி ஒன்றைச் செய்வது வேறு. ஆயிரம் கத்திகளையும் ஒன்றுபோல நல்லனவாகச் செய்வது வேறு. அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்க முயன்றவர் அவர்.

அத்தூரம் எத்தகையது என்பதைத் தேயிலைத் தோட்டத்தார் நன்கறிவர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் கவ்வாத்துச் செய்தாக வேண்டும். பதுளையை அடுத்த தோட்டமொன்றில், கவ்வாத்து மலைக்குப் புறப்படும் ஆடவர் தமக்கு வழங்கப்பட்ட புதுக்கத்திகளை நகத்தால் தட்டி ஓசை பார்ப்பதைச் சிறுவயதில் கண்டிருக்கிறேன். பார்வைக்கு எல்லாம் ஒரே வளைவு, ஒரே முத்திரை. ஆயினும் ஒன்று மாலை வரை கூர் தாங்கும். மற்றொன்று பத்துச் செடிக்குள் மழுங்கும். இன்னொன்று முற்றிய கிளையிற் பட்டவுடன் வாய் உடையும்.

மழுங்கிய கத்தி கிளையைச் சீவாது, பிளக்கும். பிளந்த காயத்தில் நீர் தங்கி அழுகல் உள்ளிறங்கும். இது செடிக்கு நேரும் கேடு. ஆளுக்கு நேரும் கேடும் உண்டு. குறித்த தொகைச் செடிகளை வெட்டி முடியாதவனுக்கு அரைப்பேர்தான் விழும். கெட்டது கத்தியா, கையா என்று செக்ரோல் கேட்பதில்லை.

ஒரே தொழிற்சாலையிற் பிறந்த கத்திகள் ஏன் இவ்வாறு வேறுபடுகின்றன? எஃகைச் செந்தழலாகக் காய்ச்சி, எண்ணெயிலோ நீரிலோ தோய்த்து, பின்னர் மிதமான சூட்டில் மீண்டும் பதப்படுத்துவது வழக்கம். காய்ச்சிய சூடு குறைந்தால் எஃகு மென்மையாகவே நின்றுவிடும். மிகுந்தால் அதன் மணிகள் பருத்து, உடையும் தன்மை பெறும். பழைய கொல்லர் எஃகின் நிறத்தைக் கண்டே சூட்டை மதித்தனர். ஆனால், மங்கிய காலையில் பளிச்சென்று தோன்றும் சிவப்பு, வெளிச்சம் மிகுந்த நண்பகலில் மங்கலாகத் தோன்றும். தேர்ந்த கண்ணையும் பொழுது ஏமாற்றிவிடும்.

பிரியர்லி இச்சிவப்பைப் பார்த்தே வளர்ந்தவர். 1871ஆம் ஆண்டில், கத்தித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஷெபீல்டு நகரில், எஃகு உருக்கும் தொழிலாளி ஒருவரின் மகனாக வறிய குடும்பத்திற் பிறந்தார். 12 வயதிற் பள்ளியை விட்டு, தந்தை உழைத்த பெர்த் தொழிற்சாலைக்குச் சென்றார். அங்கே இரசாயனக் கூடத்திற் போத்தல் கழுவும் வேலை கிடைத்தது. போத்தல் கழுவிய கைகள் இரவிற் புத்தகம் புரட்டின. பட்டம் எதுவும் பெறாமலே அவர் எஃகுப் பகுப்பாய்வில் வல்லவரானார்.

1904ஆம் ஆண்டில், அக்காலத்து இரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்த ரீகா நகரத்து எஃகுத் தொழிற்சாலைக்கு இரசாயன அறிஞராகச் சென்றார். ஷெபீல்டில் தந்தையின் கண்வித்தை மகனுக்கு வரும்; ரீகாவில் அத்தகைய பரம்பரை இல்லை. ஒருவரின் கண்ணில் மட்டும் குடியிருக்கும் அறிவு எல்லோர்க்கும் பொதுவாக வேண்டுமாயின், அதை அளவாக மாற்றியாக வேண்டும். குறித்த சூட்டில் மட்டுமே உருகும் உப்புக் கட்டிகளை உலையிலிட்டுச் சூட்டை அறியும் முறையை அவர் வகுத்தார். கருவி எஃகின் சூட்டுப் பக்குவம் பற்றி 1911ஆம் ஆண்டில் நூலொன்றும் வெளியிட்டார்.

இதற்கிடையே ஷெபீல்டு திரும்பி, பெர்த்தும் ஜான் பிரவுன் நிறுவனமும் கூட்டாக அமைத்த ஆராய்ச்சிக்கூடத்தின் தலைமையை ஏற்றிருந்தார். துப்பாக்கிக் குழல்கள் விரைவில் தேய்வது பற்றி 1912ஆம் ஆண்டில் அவரிடம் ஆலோசனை கேட்கப்பட்டது. அதற்காகக் குரோமியம் கலந்த எஃகுகளைச் சோதித்தார். 1913 ஆகஸ்ட் 13ஆம் நாள் வார்த்த எஃகில் குரோமியம் நூற்றுக்கு 12.8 பங்கு இருந்தது. அமிலம் அதை எளிதில் அரிக்கவில்லை. புளிக்காடியும் எலுமிச்சைச் சாறும் கறைப்படுத்தவில்லை. துப்பாக்கிக்குத் தேடியது கத்திக்கு உரியது என்பதை அவர் கண்டுகொண்டார்.

கத்தி செய்வோரோ அதனை ஏற்கவில்லை. அந்த எஃகிற் செய்த கத்திகள் கூர் தாங்கவில்லை என்றனர். வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்ற ஏளனமும் அவருக்குக் கிட்டியது. எஃகிற் குற்றமில்லை, சூட்டிலேதான் குற்றம். பழகிய எஃகுக்கு ஏறத்தாழ 780 பாகை சென்டிகிரேட் போதும். இப்புதிய எஃகுக்கோ 1,000 பாகையை ஒட்டிய சூடு வேண்டும். கொல்லரின் கண் பழைய சிவப்பையே தேடியது. மோஸ்லி நிறுவனத்தின் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்பவர் மட்டும் துணிந்து மீண்டும் முயன்றார். பிரியர்லி அருகிருந்து வழிகாட்டிய பின்னரே அவருடைய கத்திகள் சரியாக அமைந்தன. இந்த எஃகுக்குக் கறையற்றது என்று பெயர் சூட்டியவரும் ஸ்டூவர்ட்டே.

உரிமை குறித்து முதலாளிகளோடு பிணக்குற்றுப் பிரியர்லி விலகினார். 1915ஆம் ஆண்டில் பிரவுன் பெய்லி நிறுவனத்தை அடைந்தார். 1920ஆம் ஆண்டில் பெசமர் தங்கப் பதக்கம் பெற்றார். ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் அதே காலத்தில் இத்துறையில் உழைத்தோர் உண்டு. புகழ் முழுவதையும் ஒருவருக்கே சூட்டுவது நியாயமாகாது. தாம் ஈட்டிய பொருளைக் கொண்டு 1941ஆம் ஆண்டில் அறக்கட்டளையொன்றை நிறுவிய அவர், 1948ஆம் ஆண்டில் தமது 77ஆம் வயதிற் காலமானார்.

கவ்வாத்துக் கத்தி பெரும்பாலும் அவருடைய எஃகினாலானதன்று. கரிச்சத்து மிக்க பழைய வகை எஃகினாலானது. எனினும் அவர் கைக்கொண்ட நெறி அதற்கும் பொருந்தும். உலையின் சூட்டைக் கருவியால் அளக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில கத்திகளை எடுத்து வன்மையைச் சோதிக்க வேண்டும். வலிய குண்டொன்றை உலோகத்தில் அழுத்திப் பள்ளத்தை அளக்கும் முறையைச் சுவீடன் நாட்டுப் பிரினெல் 1900ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார். அளவு பிழைத்தால் அத்தொகுதி முழுவதையும் நிறுத்திவைக்க வேண்டும். முத்திரை குத்திவிட்டாற் குற்றம் மறைந்துவிடாது.

காசு கொடுத்து வாங்குபவன் கத்தி கெட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். பண்டகசாலையில் நீட்டியதைப் பெற்றுக்கொண்டு மலையேறுபவனுக்குத் தெரிவு இல்லை. அவனுக்குக் கிடைப்பது எந்தக் கத்தியாயினும் அது நல்ல கத்தியாயிருத்தல் வேண்டும். ஒரு சீராகச் செய்தல் என்பதை வணிகர் சிக்கனம் என்பர். நான் அதை நீதி என்பேன். அந்நீதி உலையடியிலே, சூட்டை அளப்பவனின் கவனத்திலே தொடங்குகிறது.