குன்றேறி நிலம் அளந்தவர்

வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலை அருகே பெரும் முக்கோண நில அளவையைத் தொடங்கினார். ஏழரை மைல் அடிக்கோட்டை நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்து முடிக்க 57 நாள்கள் ஆயின. பின்னர், கோணங்களைக் கொண்டே தொலைவுகளைக் கணித்தார். அதற்காக அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைப் பணியாளர்கள் பாறைக் குன்றுகளின் உச்சிக்குச் சுமந்து சென்றனர். கொங்கு நாட்டில் 1806இல் மற்றோர் அடிக்கோட்டை அளந்து தம் கணக்கைச் சரிபார்த்தார்.

குன்றுகளற்ற காவிரிச் சமவெளியில் கோயில் கோபுரங்களே அளவை நிலையங்கள் ஆயின. தஞ்சைப் பெரிய கோயிலில் 1808இல் மேலேற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதி நெளிந்தது. லாம்டன் கூடாரத்தில் ஆறு வாரங்கள் தனித்திருந்து, அதைத் தம் கையாலேயே சீராக்கினார்.

தென்முனை வரை அளந்து வடக்கே திரும்பியவர், 1823இல் பணியினிடையே ஹிங்கன்காட்டில் மறைந்தார். ஜார்ஜ் எவரெஸ்ட் அப்பணியை இமயத்தின் அடிவாரம் வரை கொண்டு சென்றார்.