இப்னு சீனா கற்ற விதம்

மேலை நாட்டார் அவிசென்னா என வழங்கும் இப்னு சீனாவை மருத்துவ மேதையாக உலகம் அறியும். ஐந்து பகுதிகளாக விரியும் அவருடைய ‘அல்கானூன்’ ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பல நூற்றாண்டுகள் பாடநூலாக விளங்கியது. ஆயின், அவர் எங்ஙனம் கற்றார் என்பதையே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம். தம் இளமை வரலாற்றை அவரே மாணவர் அல்ஜுஸ்ஜானியிடம் சொல்லி வைத்ததால் அது நமக்குக் கிடைத்துள்ளது.

புகாராவை அடுத்த அஃப்ஷனாவில் கி.பி. 980-இல் பிறந்து, 1037-இல் ஹமதானில் மறைந்தவர் அவர். பத்து வயதிற்குள் திருக்குர்ஆனைக் கற்றுத் தேர்ந்தார். இந்தியக் கணக்கு முறையை அவருக்குக் கற்பித்தவர் ஒரு காய்கறி வணிகர்! பட்டம் பெற்றவரே கற்பிக்க வேண்டும் என்று அந்நாளில் எவரும் கேட்கவில்லை போலும்.

பின்னர் அந்நாத்திலி என்னும் ஆசிரியரைத் தந்தையார் தம் இல்லத்திலேயே தங்கச் செய்தார். யூக்ளிட்டின் வடிவ கணிதத்தில் முதல் ஐந்தாறு தேற்றங்களை மட்டுமே அவரிடம் பயின்ற மாணவர், எஞ்சிய நூல் முழுவதற்கும் தாமே தீர்வு கண்டார். தாலமியின் வானநூலை எடுத்தபோது, தனியே படித்துத் தீர்த்துப் பின்பு தம்மிடம் காட்டுமாறு ஆசிரியர் பணித்தார். காட்டியவற்றுள் பல ஆசிரியருக்கே புதியன. தருக்க நுட்பங்களை அந்நாத்திலி அறிந்திலர் என மாணவரே சொல்லிவிட்டார். எனினும் ஒதுங்கி நிற்கத் தெரிந்த அவரை நாம் சிறிய ஆசிரியராகக் கொள்ள மாட்டோம். கரும்பலகையில் விடையை எழுதிவிடத் துடிக்கும் கை ஆசிரியர் எவருக்கும் உண்டு. அதை அடக்குவது எளிதன்று.

ஆசிரியர் ஊரைவிட்டுச் சென்றபின் தனிமைக் கல்வி தொடர்ந்தது. வினா ஒன்று சிக்கலானால் பள்ளிவாசல் சென்று தொழுவார். இரவில் விளக்கேற்றி மீண்டும் அமர்வார். உறக்கத்திலும் அவ்வினா தொடரும். கனவில் விடை புலப்பட்டதும் உண்டு.

ஓரிடத்தில் மட்டும் அம்முயற்சி முட்டி நின்றது. அரிஸ்டாட்டிலின் மெய்ப்பொருளியல் நூலை 40 முறை படித்தார். மனப்பாடமாயிற்று, பொருள் விளங்கவில்லை. நம்பிக்கை இழந்தார். ஒருநாள் அஸர் வேளையில் புத்தகக் கடைத்தெருவில் தரகர் ஒருவர் ஒரு நூலைக் கூவி விற்றார். வேண்டாம் என்றவரை, உடையவர் பணமுடையில் இருக்கிறார், 3 திர்ஹம் போதும் என வற்புறுத்தி வாங்கச் செய்தார். அது அந்நூலின் நோக்கம் பற்றி அல்ஃபாராபி எழுதிய விளக்கம். இல்லம் சென்று படித்ததும் அனைத்தும் விளங்கிற்று.

விளக்கவுரை ஒன்றே போதும் என்பதற்கு இதைச் சான்று காட்டுவோர் உண்டு. நாம் உடன்படோம். 40 முறை மோதிப் பார்த்தவருக்கே எந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்பது தெரிந்திருந்தது; ஆகவேதான் அச்சிறு நூல் அவர் கையில் திறவுகோலாயிற்று.

மறுநாள் இறைவனுக்கு நன்றியாக ஏழைகளுக்கு மிகுதியாகத் தர்மம் செய்தார். அப்போது அவருக்கு இருபது வயது நிரம்பவில்லை.