நான்கும் மூன்றும்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் படிக்க வந்த எனக்குக் கணிதத்தின்மீது ஒரு செருக்கு இருந்தது. எங்கள் ஊரில் மழைக்காலத் தொடக்கத்தில் ஏறத் தொடங்கிய காய்ச்சலின் கணக்கை ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டில் பொருத்தினேன். கோடு புள்ளிகளைத் தழுவிச் சென்றது. தொற்றும் வீதம் இது, குணமாகும் வீதம் இது என்று இரண்டு எண்களை எழுதியும் வைத்தேன். மறுநாள் வேறு இரண்டு எண்களை இட்டுப் பார்த்தேன். அதே கோடு வந்தது! எது மெய்? அந்தக் கலக்கத்தில்தான் ஆண்டர்சன் கிரே மெக்கெண்டிரிக்கின் வரலாற்றை நாடினேன்.

அவர் 1876-இல் எடின்பரோவில் பிறந்தார். கிளாஸ்கோவில் மருத்துவம் பயின்று இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். 1901-இல் ரொனால்டு ராஸுடன் மலேரியாப் பணிக்காக ஆப்பிரிக்கா சென்றார். நோயைக் கணிதத்தால் ஆராயும் ஆர்வம் ராஸின் தொடர்பால் வளர்ந்தது. பின்னர் இமயச் சாரலிலுள்ள கசௌலியில், பாஸ்டர் நிலையத்தில் வெறிநாய்க்கடி நோயை ஆராய்ந்து, அதன் இயக்குநராகவும் விளங்கினார். உடல்நலம் குன்றி 1920-இல் தாயகம் திரும்பி, எடின்பரோ மருத்துவர் கல்லூரியின் ஆய்வுக்கூடப் பொறுப்பேற்றார். அங்கே துணையாக வாய்த்தவர் வேதியியல் அறிஞர் கெர்மாக். 1924-இல் ஆய்வுக்கூட விபத்தொன்றில் கண்ணொளி இழந்தவர். இருவரும் சேர்ந்து 1927-இல் வெளியிட்ட கட்டுரையே கொள்ளைநோய்க் கணிதத்துக்கு இன்றும் அடித்தளம்.

1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை பம்பாயில் பிளேக்கினால் மாண்டவர்களின் வாரக்கணக்கை அதில் எடுத்துக்கொண்டனர். மணி போன்ற ஒரு கோடு அழகாகப் பொருந்தியது. அதை வரைய மூன்று எண்களே போதும்: உச்சம் வாரத்துக்கு 890 பேர், ஏறி இறங்கும் வேகம் 0.2, உச்சம் நேர்வது 17-ஆம் வாரம். ஆனால் சமன்பாட்டினுள் மறைந்திருப்பவையோ நான்கு: நோய்க்கு இலக்காகும் மக்கள் தொகை, தொடக்க நோயாளர் தொகை, தொற்றும் வீதம், நீங்கும் வீதம். மூன்றைக்கொண்டு நான்கை மீட்பது எங்ஙனம்?

திருமலையில் தரிசன வரிசையை எண்ணிப் பாருங்கள். வரிசையின் நீளம் மாறவே இல்லை. மணிக்கு ஆயிரம் பேர் வந்து ஆயிரம் பேர் போகிறார்களா? பத்துப் பேர் வந்து பத்துப் பேர் போகிறார்களா? நீளத்தை மட்டும் பார்ப்பவனுக்கு அது விளங்காது. வாயிலில் நின்று எண்ணினாலொழிய உண்மை புலப்படாது. என் காய்ச்சல் கணக்கும் அத்தகையதே. இரு வீதங்களின் வேறுபாட்டை மட்டுமே அது காட்டிற்று.

மெக்கெண்டிரிக்கின் பெருமை இங்கேதான் ஒளிர்கிறது. கோடு பொருந்தியதைக் கண்டு அவர் மயங்கவில்லை. மனிதரிடத்துக் காணும் பிளேக் எலிகளிடத்து நிகழும் நோயின் நிழலே. பருவத்தோடு வீதங்களும் மாறும். ஆதலால் மாறிலிகளின் மெய்யான மதிப்பு இவ்வளவென்று முடிவுகட்டலாகாது என அக்கட்டுரையிலேயே இருவரும் எச்சரித்தனர். வெற்றி கைக்கு எட்டிய வேளையில் அதன் எல்லையையும் சொல்லிவைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

1943-இல் அவர் மறைந்தார். அவர் வாழ்க்கையைப் படித்தபின் என் இரண்டு எண்களையும் அடித்துவிட்டேன். காய்ச்சல் கண்டவர்கள் எத்தனை நாள் படுத்திருந்தார்கள் என்று வீடுவீடாகக் கேட்டறியச் சித்தூருக்குப் பேருந்து ஏறினேன். அந்த ஒரு விவரம் கிடைத்தால் குணமாகும் வீதம் தெரியும். அது தெரிந்தால் மற்றதும் தெரியும். நண்பர்களே, கணக்கு பொருந்துவது வேறு, உண்மை தெரிவது வேறு.