செடிகளை எழுத வைத்த விஞ்ஞானி

இன்று வங்கதேசத்தில் இருக்கும் மைமன்சிங் என்னும் ஊரில் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஜகதீச சந்திர போஸ் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் அரசாங்க உத்தியோகஸ்தர். அக்காலத்தில் உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்கே செல்வார்கள். இவரோ மகனை முதலில் வங்காள மொழிப் பள்ளியில், மீனவர் பிள்ளைகளோடு உட்கார வைத்தார்.

பின்னர் போஸ் கல்கத்தா புனித சவேரியார் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்றார். அங்கே பௌதிகம் கற்பித்த லாஃபான் அடிகளார் பெல்ஜிய நாட்டைச் சேர்ந்த இயேசு சபைக் குரு. பாடத்தை வாயால் சொல்வதோடு விடாமல், கருவிகளைக் கொண்டு மாணவர் கண்முன்னே செய்து காட்டுவார். போஸுக்குப் பௌதிகத்தில் பற்று உண்டாயிற்று. மருத்துவம் படிக்க 1880-இல் லண்டன் சென்றவர், காய்ச்சல் விடாமல் வாட்டியதால் அதைக் கைவிட்டு, கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானம் பயின்று 1884-இல் பட்டம் பெற்றார்.

1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். வெள்ளைக்காரர் வாங்கும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இவருக்கு என்றார்கள். போஸ் சண்டை போடவில்லை. வேலையை விடவும் இல்லை. மூன்று ஆண்டுகள் ஒரு காசும் வாங்காமல் பாடம் நடத்தினார். அப்போது தந்தையார் கடனில் இருந்தார் என்பதை நாம் மறக்கக் கூடாது. கடைசியில் முழுச் சம்பளம் பாக்கியோடு வந்து சேர்ந்தது. ஒரே வேலையைச் செய்தும் பெண் என்பதால் குறைந்த கூலி வாங்கும் அக்காமார் எங்கள் காதர்பேட்டையில் உண்டு. ஆகையால் அவர் வரலாற்றில் இந்தப் பகுதியே என் மனத்தில் அதிகம் தைத்தது. ஆனால் மூன்று ஆண்டு கூலியில்லாமல் இருக்க அவர்களால் முடியுமா?

1887-இல் அபலா தேவியாரை மணந்தார். கல்கத்தாவில் பெண்களை மருத்துவக் கல்லூரியில் சேர்க்காத காலத்தில், நம் சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தவர் அந்த அம்மையார். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க இயலாமற் போயிற்று. பிற்காலத்தில் பெண்கல்விக்காகவே உழைத்தார்.

1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில், கம்பியில்லாமல் மின் அலைகளைச் சுவர் தாண்டி அனுப்பி, தூரத்தில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தார் போஸ். அதைக் கொண்டு பணம் சேர்க்க அவர் விரும்பவில்லை. அவர் மனம் செடிகள் பக்கம் திரும்பியது.

செடிக்கு வாய் இல்லை. அதற்கு ஏதேனும் நேர்ந்தால் எப்படி அறிவது? பார்ப்பவர் தம் விருப்பப்படி சொன்னால் உலகம் நம்பாது; செடியே தன் கைப்பட எழுத வேண்டும் என்று கருதினார். அதற்காக அவர் அமைத்த கருவிதான் கிரெஸ்கோகிராஃப். செடி ஒரு விநாடிக்கு வளர்வது ஏறக்குறைய ஓர் அங்குலத்தில் லட்சத்தில் ஒரு பங்கு. அவர் இரண்டு நெம்புகோல்களைக் கோத்து அந்த அசைவை 10,000 மடங்கு பெரிதாக்கினார். நெம்புகோலின் முனை, புகைக்கரி பூசிய கண்ணாடியில் புள்ளி புள்ளியாகக் குத்திச் செல்லும். கண்ணாடி ஓயாமல் உரசினால் அசைவு தடைபடும் என்று, அது குறித்த நேரத்திற்கு ஒரு முறை மட்டும் வந்து முனையைத் தொடும்படி வைத்தார். வெப்பம் கூடினால் புள்ளிகள் விலகின. குளோரோஃபார்ம் ஆவி பட்டால் நெருங்கின. இத்தனை நுட்பமான கருவிகளைச் செய்து கொடுத்தவர்கள் நம் நாட்டுத் தொழிலாளிகளே.

1901-இல் லண்டனில் செடிகளைப்பற்றிப் பேசியபோது, பௌதிகக்காரருக்கு உடலியலில் என்ன வேலை என்று அங்குள்ள அறிஞர்கள் எதிர்த்தார்கள். அவருடைய கட்டுரை வெளியிடப்படாமல் கிடப்பில் போடப்பட்டது. அவர் சளைக்கவில்லை. 1917-இல் கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 1920-இல் கருவியை லண்டனுக்கே கொண்டு சென்று, சந்தேகப்பட்டவர்கள் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். அவ்வாண்டே ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிக் கொண்டது.

தொட்டாற்சிணுங்கியில் செய்தி எப்படிப் பரவுகிறது என்பதில் மட்டும் அவர் பிடிவாதக்காரர். மின்சாரம்தான் என்றார். இத்தாலிய விஞ்ஞானி ரிக்கா 1916-இல், சாற்றோடு செல்லும் ஒரு பொருளே காரணம் என்றார். போஸ் அதை ஏற்கவே இல்லை. 1937-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் கிரிதி என்னும் ஊரில் அவர் காலமானார்.

இப்போது நாம் பத்தாம் வகுப்பில் ஆக்சின் முதலிய தாவர ஹார்மோன்களைப் படிக்கிறோம். செடிக்குள் ஹார்மோன் எங்கே வேலை செய்கிறது என்பதைக் காண இன்று புகைக்கரிக் கண்ணாடி தேவையில்லை. ஜெல்லி மீனின் பச்சை ஒளி தரும் ஜீனைச் செடியில் சேர்த்து, ஆக்சின் வேலை செய்யும் செல்லில் மட்டும் ஒளிரும்படி செய்துவிடுகிறார்கள். உள்ளே நடப்பதை வெளியே தெரிவிப்பதால், நிருபர் என்னும் பொருளில் இதற்கு ரிப்போர்ட்டர் ஜீன் என்று பெயர். செடியே எழுத வேண்டும் என்ற போஸின் எண்ணந்தான் இது. எழுதுகோல் மட்டும் செல்லுக்குள்ளே போய்விட்டது!

2022-இல் ஜப்பானில் சைத்தாமா பல்கலைக்கழகத்தார், கால்சியம் கூடும் இடத்தில் ஒளிரும் ஜீனைத் தொட்டாற்சிணுங்கியிலேயே சேர்த்துப் பார்த்தார்கள். இலையைக் காயப்படுத்தியதும் ஒளி அலையாக ஓடியது. கூடவே மின்சாரச் செய்தியும் ஓடியது. இரண்டும் சென்று சேர்ந்த இடத்தில் சிற்றிலைகள் மடிந்தன. மின்சாரம் என்று போஸ் சொன்னது பொய்யன்று. ஆனால் அது தனியாகச் செல்லவில்லை. மடிய முடியாதபடி செய்த செடிகளை வெட்டுக்கிளிகள் அதிகமாகத் தின்றனவாம். தொட்டால் அந்தச் செடி ஏன் சுருங்குகிறது என்பதற்கும் இப்படி ஒரு விடை கிடைத்திருக்கிறது.